என்ன ஆணம் சார்?

தில்ஷாத் திரையைத் திருப்பி வைக்கச் செய்துவிட்டாள். சந்தேகம் அங்கேதான் முளைத்தது. மணிக்கட்டில் ஊசி குத்தி, அது வழியாக மெல்லிசுக் குழாயை நெஞ்சுவரைக்கும் ஏற்றி அடைப்பை எடுக்கிற இந்த அறைக்கு ஊரெல்லாம் கேத் லேப் என்றுதான் பேர். இங்கே நோயாளி முழித்துக்கொண்டேதான் படுத்திருப்பார், தலையை இடது பக்கம் சாய்த்தால் தன் நெஞ்சுக்குள் நடப்பதைத் தானே திரையில் பார்க்கலாம், டாக்டர் ஆசீர்வாதம் காலமெல்லாம் நோயாளிகளுக்கு அதைக் காட்டிக் காட்டியே பேர் வாங்கினவர், "இங்க பாரும்வே, உம்ம ரத்தக்குழா வாய்க்கா கணக்கா எப்படி ஓடுதுன்னு" என்று. இன்றைக்கு அதே மேஜையில் அவரே மல்லாந்து கிடக்கிறார். காலையில் பின்வாசல் குழாயடியில் மனைவி ஜெயசீலி சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள், அவர் பல் விளக்கிக்கொண்டே அவளிடம் என்னமோ சொல்ல வாயைத் திறந்தார், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு வலி. அது என்ன வலி என்று அவருக்குத் தெரியாதா? மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் சேருகிறவரைக்கும் பொறுக்கிற வலி இல்லை அது. ஆக, பாளையங்கோட்டையில் அவர் கட்டி வளர்த்த இதே லேபுக்கு, அவரே தொழில் சொல்லிக்கொடுத்த தில்ஷாத்தின் கைக்கு வந்து விழுந்தாயிற்று. தூக்க மருந்து வேண்டாம் என்று அடம்பிடித்தார். அதற்கும் அவள் சரி என்றாள், ரொம்பச் சீக்கிரமாகச் சரி என்றாள், அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு டெக்னீஷியன் எசக்கியப்பனிடம் கண்ணைக் காட்டினாள். அவன் வந்து திரையை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுப் போனான். "நீங்க பாக்க வேண்டாம் சார், கண்ண மூடிப் படுத்துக்கிடுங்க." கண்ணை மூடவாம்! எதைப் பார்த்துவிடக் கூடாது என்று இந்த ஏற்பாடு? மேலே தொங்குகிற எக்ஸ்ரே கருவி முகத்தை உரசுகிற மாதிரி வந்து நின்றது, அதன் அடிப்பாகத்தில் ஒரு கீறல் இருப்பதை அவர் இத்தனை காலத்தில் பார்த்ததே இல்லை. படுத்துப் பார்த்தால்தானே தெரியும்.

கண்ணைத்தானே மறைக்க முடியும், காதை என்ன செய்வாள்? ஆசீர்வாதத்துக்குக் காது போதும். இந்த அறையில் யார் என்ன பேசினாலும் அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு, அந்த அர்த்தத்தைப் போட்டுவைத்ததே அவர்தான். நோயாளி முழித்திருக்கிறார் அல்லவா, அவர் காதில் விழுகிற மாதிரி "ஐயோ கிழிஞ்சுட்டு" என்று சொன்னால் அந்த நிமிஷமே நாடி எகிறிப்போகும். அதற்காக ஒரு ரகசியப் பேச்சு. ரத்தக்குழாயின் உட்சுவர் லேசாகக் கிழிந்தால், "வெளிய தூறுதா எசக்கி?" கிழிசல் பெரிதாக இருந்தால் மழை. கிழிந்து ரத்தம் வெளியே கசிய ஆரம்பித்தால் "குடைய எடு" என்பார், எசக்கி ஓடிப்போய் உறை போட்ட ஸ்டென்ட்டை, ரத்தக்குழாய்க்குள் விரித்து வைக்கிற வலைச்சுருளை, எடுத்துவருவான். ஜன்னலே இல்லாத அறை, வெளியே வெயிலா மழையா என்று உள்ளே இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, அதனால் எந்த நோயாளியும் சந்தேகப்பட்டதில்லை. ஒருத்தியைத் தவிர. களக்காட்டுப் பக்கம் பேச்சித்தாய் என்று ஒரு அம்மா. அவர் மழை என்று வாயெடுத்ததுதான் தாமதம், மேஜையிலேயே எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஐயா, மச்சியில மோர் மொளகா காயப்போட்டிருக்கேன்யா, நனைஞ்சு போவுமே!" அவளை அமுக்கிப் படுக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்த ஜெசிந்தா சிஸ்டர் வெளியே போய் மகனிடம் சொல்ல, அவன் ஊருக்கு போன் போட்டு மிளகாயை எல்லாம் அள்ளி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டான். அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தவள் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே. "மழைன்னீயளே டாக்டரே, எங்கூர்ல ஒரு பொட்டு விழல. எம்புட்டு மொளகா, அம்புட்டும் ஈரத்தோட அடைஞ்சு கெடந்து பூசணம் புடிச்சுட்டு." அவர் சிரித்துக்கொண்டே, அங்கே பெய்யவில்லை என்றால் இங்கே பெய்திருக்கும் என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரையே உற்றுப் பார்த்தாள், சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான்" என்று போனாள். அந்தப் பார்வை இப்போது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது? வருமே. வராமல் எங்கே போகும்?

ஆகவே தண்ணீர் சம்பந்தமாக எவராவது ஒரு வார்த்தை பேசினால் விடுவதாக இல்லை என்று ஆசீர்வாதம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். தோளுக்குள் ஏதோ ஊர்ந்தது, குழாய் வளைவில் திரும்புகிறது. ஊர்கிற வேகம் போதாது, தயங்குகிறாள். ஏன் தயங்குகிறாள்? இல்லை, தயங்கவில்லை, கேட்கிறாள். தள்ளாதே, கேள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவரே அல்லவா. இந்தத் தொழிலில் கண் பாதி, விரல் பாதி. முடி கனத்துக் கம்பியின் நுனி எங்கேயோ நெஞ்சுக்குள் எதில் முட்டுகிறது என்பது இங்கே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தெரிய வேண்டும். சென்னையில் அவர் படிக்கும்போது அவருக்கு வாய்த்த பேராசிரியர் இருட்டு அறையில் விரல் முட்டியிலேயே தட்டுவார், "அது உன்கிட்ட பேசுதுய்யா, உனக்குக் காது கேக்கலியா?" ஆசீர்வாதம் யாரையும் தட்டவில்லை. புதிதாக வருகிற பயிற்சி டாக்டர்களுக்கு அவர் கொடுக்கிற முதல் வேலை ஆபரேஷன் தியேட்டர் பேன்ட்டுக்கு நாடா கோர்ப்பது. ஊக்கு கிடையாது, நாடாவைக் கம்பி நுனியில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, சுருங்கிக் கிடக்கிற துணி மடிப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். இருதய டாக்டராகப் போகிறவன் பாவாடை நாடா கோர்ப்பதா என்று மூஞ்சி சுளித்தவர்கள் உண்டு. தில்ஷாத் சுளிக்கவில்லை. மேலப்பாளையத்துப் பெண், வீட்டில் தைக்கிற பழக்கம் இருந்திருக்கும், மற்றவர்கள் திணறிக்கொண்டிருக்கும்போது அவள் முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை, இப்போது படுத்துக்கொண்டு பொய் சொல்வானேன். அதற்கப்புறம் அவளைக் கொஞ்சம் அதிகமாகவே அதட்டினார். அவள் குழாயைப் பிடித்திருக்கும்போது முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு வாங்கியிருக்கிறார். ஒருதரம் நோயாளி கேட்கவே சொன்னார், "நீ நாடா கோக்கத்தான் லாயக்கு." அவள் சரி சார் என்றாள். எதற்கும் சரி சார். அந்தச் சரி சாரெல்லாம் எங்கே போயிருக்கும்? ஒரு மனுஷி அத்தனையையும் விழுங்கிச் செரித்திருக்க முடியுமா? இப்போது அவருடைய நெஞ்சு அவளுடைய இரண்டு விரலுக்கு நடுவில் இருக்கிறது. சேச்சே, என்ன நினைப்பு இது, அவள் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைதான், யார் இல்லையென்றது, ஆனால் திரையை ஏன் திருப்பினாள்?

"சார், கொஞ்சம் நெஞ்சு வலிக்கும். பலூன் போடுதேன்." வலித்தது. அடேயப்பா, இதையா கொஞ்சம் என்று சொல்கிறார்கள்? இதையா அவர் இத்தனை ஆயிரம் பேரிடம் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்? தாடைவரைக்கும் ஏறியது, பல்லைக் கடித்தார், பிறகு யாரோ பிடியை விட்டமாதிரி இறங்கியது. "ஸ்டென்ட் உக்காந்துட்டு சார். ஒரு தடவை பெரிய பலூன வெச்சு நல்லா விரிச்சு விட்டுருதேன், அவ்வளவுதான்." பெரிய பலூன் உள்ளே இல்லை. ஸ்டோர் முற்றத்துக்கு அந்தப் பக்கம். இதுவே அவர் நிற்கிற நாளாக இருந்தால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைக்காததற்கு ஒரு ஆட்டம் ஆடியிருப்பார். ஜெசிந்தா சிஸ்டர் போனாள். அறை அமைதியாக இருந்தது. கேத் லேபில் அமைதி நல்லதில்லை, வேலை ஒழுங்காகப் போனால் ஆட்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை, மருமகள் கதை எல்லாம் வரும். வாயை மூடிக்கொண்டார்கள் என்றால் விவகாரம். ஆனால் அவருக்கு அது தெரியும் என்பது இவர்களுக்கும் தெரியுமே. அப்படியானால் விவகாரம் என்றால் பேசத்தானே செய்வார்கள்? அப்போது இந்த அமைதி நல்லதா? மானிட்டர் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் இந்த அறையில் அவரிடம் நேராகப் பேசுகிற ஆள். கதவு திறந்தது. "அம்மாடி, என்னா மழை!" என்றாள் ஜெசிந்தா.

"சிஸ்டர்!" என்று தில்ஷாத் வெடுக்கென்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மழை. தூறல்கூட இல்லை, நேராக மழை. பழக்க தோஷத்தில் சிஸ்டர் வாயில் வந்துவிட்டது, இவள் அடக்குகிறாள். ஆனால் பொறு, சிஸ்டர் இப்போதுதானே உள்ளே வந்தாள், திரையைப் பார்க்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு நேராகக் கண்ணாடி, கண்ணாடியில் திரை தெரியும், பார்த்திருப்பாள். அப்படியில்லாமல் நிஜமாகவே மழையாக இருந்தால்? ஐப்பசி மாதம், பெய்யக்கூடாது என்று சட்டமா. காலையில் காரில் வரும்போது வானம் எப்படி இருந்தது? யார் வானத்தைப் பார்த்தார்கள், ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் விரலில் ஒட்டியிருந்த மீன் செதிளைப் பார்த்துக்கொண்டு வந்தார். முற்றத்தைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறாள், மழையானால் நனைந்திருக்க வேண்டுமே. தலையைத் திருப்பினார். சிஸ்டர் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விட்டாள், வேண்டுமென்றேதான் போயிருப்பாள். மண்வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினார். டிங்க்சர் வாசனை, ஸ்பிரிட் வாசனை, அவருடைய வியர்வை வாசனை. கேட்டுவிடலாமா? சிஸ்டர், நெசமாவே மழையா? கேட்டால் ஆமா சார் என்பாள். அப்படிச் சொல்லத்தானே அவர் பழக்கியிருக்கிறார், நோயாளி கேட்டால் கண்ணை இமைக்காமல் ஆமா என்று சொல்ல வேண்டும் என்று. இல்லை என்றாளானால், இல்லாத மழையை எதற்குச் சொன்னாள்? எந்தப் பதிலையும் நம்ப முடியாதபடி எல்லா வாசலையும் அவரே அடைத்து வைத்திருக்கிறார். பேச்சித்தாய்க்காவது மோர் மிளகாய் இருந்தது கவலைப்பட. இவருக்கு அதுகூட இல்லை. ஜெயசீலி வெளியே நாற்காலியில் இருப்பாள், ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பாள், அவளிடம் இவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள்? நேரே சொல்வார்களா, அவளுக்கும் ஒரு மழை வைத்திருப்பார்களா? சாகப் பயமாக இருந்தது. அது ஒன்றும் மானக்கேடு இல்லை, பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, தான் சாகிறோம் என்பதைத் தன்னிடமிருந்தே மறைத்துவிடுவார்கள், அதுவும் தன் பேச்சை வைத்தே மறைத்துவிடுவார்கள் என்பது தாங்க முடியாததாக இருந்தது.

மறுபடியும் வலி வந்தது, பெரிய பலூன், வந்து, இறங்கியது. பெடல் மிதிக்கிற சத்தம். எக்ஸ்ரே கருவி முனகிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது, நின்றது, இன்னொரு பக்கம் சாய்ந்தது. குடை என்று சொல்வாள், இதோ இப்போது குடை என்று சொல்லப் போகிறாள் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "சார்" என்றாள் தில்ஷாத். குரல் பக்கத்தில் கேட்டது, குனிந்திருக்கிறாள். "இன்னைக்கு வீட்டுல என்ன ஆணம் சார்?"

ஆணம்! மேலப்பாளையத்து வீடுகளில் குழம்பை ஆணம் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை, இங்கே எல்லோரையும் போலக் குழம்பு, சாம்பார் என்றுதான் பேசுவாள். இது லேப் பேச்சு இல்லை, இது அவள் வீட்டு அடுப்படியில் உம்மாவிடம் பேசுகிற பேச்சு, தன்னை மறந்து வாயில் வந்துவிட்டது. ஆசீர்வாதத்துக்கு நெஞ்சுக்குள் என்னமோ இளகியது. அவரிடம் ஜனங்கள் என்னவெல்லாமோ கேட்டிருக்கிறார்கள், பிழைப்பேனா, எத்தனை வருஷம் இருப்பேன், முட்டை திங்கலாமா என்று. இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று ஒரு ஆத்மா கேட்டதில்லை. இப்படிக் கேட்கிற பிள்ளையைப் போயா சந்தேகப்பட்டோம்? கிழிந்த ரத்தக்குழாயை வைத்துக்கொண்டு எவளாவது குழம்பைப் பற்றி விசாரிப்பாளா? "சாளை" என்றார். நாக்கு வறண்டு போயிருந்தது, ஆனாலும் சொல்ல ஆசையாக இருந்தது. "சாளைம்மா. வீட்டுல ஒரசிட்டிருந்தா. வெறும் புளிக்கொழம்பு. நல்லெண்ணெய கொஞ்சம் தாராளமா விட்டு, பூண்டு தட்டிப் போட்டு, நேத்து வெச்சத இன்னைக்குத் தின்னணும்." எசக்கியப்பன் அந்தப் பக்கமிருந்து பேச்சில் கலந்துகொண்டான், அவனும்தான் எத்தனை நல்லவன். "வெறும் புளி பத்தாது மேடம். தேங்கா அரைச்சு விடணும்." "ஆமா எசக்கியண்ணே, தேங்கா அரைக்கணும்" என்றாள் தில்ஷாத். ஆசீர்வாதத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "தேங்காயா? சாளைக்கா? கெடுத்துராதீங்க!" "இல்ல சார், இதுக்கு அரைச்சாத்தான் சரியா வரும்." "ஏம்மா, ஒனக்கு என்ன தெரியும், உங்க பக்கம் எல்லாத்துலயும் தேங்காய ஊத்திருவீங்க. வேண்டாம்னா வேண்டாம். அது பாட்டுக்குச் சுண்டட்டும்." "அரைச்சிருதேன் சார்" என்றாள் அவள் மெதுவாக. முதல் தடவையாகச் சரி சார் என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார், கவனித்து ரசிக்கவும் செய்தார், பிள்ளைக்கு வாய் வந்துவிட்டது. எதையோ பிரிக்கிற சத்தம் கேட்டது, ஜெசிந்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்தாள், மறுபடியும் நெஞ்சில் ஒரு இறுக்கம் வந்தது, முன்னதைப் போலவே தாடைவரை ஏறியது. அது எதற்கு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, முடிக்கும்போது இன்னொரு தரம் விரித்துவிடுவது உண்டுதான். குழாயடி ஈரத்தில் கிடக்கிற சாளையை நினைத்துக்கொண்டார், செதிள் வெள்ளியாக மின்னியது, ஜெயசீலி அரிவாள்மனையை எடுத்துக்கூட வைக்காமல் ஓடிவந்தாளே, பூனை கொண்டுபோயிருக்குமோ. இத்தனை சாதாரணமான கவலை வந்ததே, அப்படியென்றால் பிழைத்துவிட்டோம் என்று தோன்றியது. கண்ணைக்கூட மூடினார்.

ஸ்ட்ரெச்சரில் வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தால் வராந்தா முழுக்க ஈரம். சாக்கை விரித்துப் போட்டிருந்தார்கள், வாட்ச்மேன் சொட்டச் சொட்ட நின்றான், முற்றத்தில் ஓடு உடைகிற மாதிரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிஜ மழை! வெறும் மழை, தண்ணீர் மழை! ஆசீர்வாதத்துக்கு ஓவென்று அழவேண்டும் போல வந்தது. ஜெசிந்தாவின் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட்டது. பாவம், நனைந்துபோய் வந்து மனசில் பட்டதைச் சொன்னவளை என்ன பாடுபடுத்தினார் மனசுக்குள்ளே. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்கு மாற்றிய பிறகு தில்ஷாத் வந்தாள், ஈயக் கவசத்தைக் கழற்றியிருந்தாள், கழுத்தெல்லாம் வியர்வை. இவ்வளவு வேர்க்கிற வேலையா செய்தாள்? "மழை நல்லா பெய்யுது" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற தொனியில். அவள் தலையை ஆட்டினாள். "ஆமா சார். சிஸ்டர் சொன்னவுடனே எனக்குத் திக்குன்னு ஆயிட்டு, நீங்க வேற மாதிரி நெனச்சிருவீங்களேன்னு. அதான் அதட்டிட்டேன்." அவர் சிரித்தார். "ஒரு ஸ்டென்ட்தானம்மா?" அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு சார். பெரிய பலூன் போட்டப்ப கீழ்நுனியில கிழிஞ்சுட்டு. இப்ப ஒண்ணுமில்ல, ஓட்டம் சுத்தமா இருக்கு." மானிட்டர் டிங் டிங் என்றது. "எப்ப?" என்றார் அவர். "நான் ஆணம்னு கேட்டேன்லா சார், அதுக்குக் கொஞ்சம் முந்தி." அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "உங்களுக்கு மழை தெரியுமே சார். உங்கள உள்ள கொண்டு வர்றதுக்கு முந்தியே எசக்கியண்ணன் சொன்னாங்க, வேற வார்த்தை வைக்கணும்னு. எங்க வீட்டு வார்த்தையா இருந்தா நீங்க சந்தேகப்பட மாட்டீங்கன்னு நான்தான் சொன்னேன்." "தேங்கா அரைக்கிறதுன்னா?" "இன்னொரு ஸ்டென்ட்." அதைத்தான் அவர் வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறார். "நீங்க ரொம்பப் பிடிவாதமா வேண்டாம்னீங்க சார்" என்றாள் தில்ஷாத். "நான் வெச்சுட்டேன்." அவருக்குக் கோபம் வந்ததா, வெட்கமா, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்ததா, அவருக்கே தெரியவில்லை. "நல்ல காரியம் பண்ணின" என்றார். அவள் வழக்கம்போல, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சரி சாரை அவர் வெகுநேரம் காதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார், அதற்குள் என்ன இருக்கிறது என்று.

சாயங்காலம் ஜெயசீலியை உள்ளே விட்டார்கள். வீட்டுக்குப் போய் முகம் கழுவி, சேலை மாற்றி வந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவள் விரலில் இன்னும் மீன் வாசனை இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று பேசினாள். "சாளைய ஒண்ணும் பண்ணலங்க. பக்கத்து வீட்டுல எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்காவ. உங்களுக்குச் சோறு குடுக்கச் சொன்னா கொண்டாரேன். வெறும் புளி விட்டு வைக்கட்டா, தேங்கா அரைக்கட்டா?"

ஆசீர்வாதம் தலையைத் திருப்பி மானிட்டரைப் பார்த்தார்.